கண்ணாடித் தொட்டியில் பத்து அயிரை

பெரம்பலூர்ப் பக்கம் நாங்கள் அயிரையைச் சட்டியில்தான் பார்த்திருக்கிறோம். எங்கள் ஊர் வறண்ட பூமி. பருத்தி, கடலை, சின்ன வெங்காயம், இவ்வளவுதான். மீன் என்றால் அது பஸ் ஏறி வர வேண்டும். திருமானூர்ப் பக்கத்து வாய்க்கால்களில் அரித்துப் பிடித்த அயிரை, அலுமினியக் குண்டானில் தண்ணீரோடு தளும்பிக்கொண்டு அரியலூர் வழியாக எங்கள் ஊர் வந்து சேரும். மற்ற மீனை எப்படி வேண்டுமானாலும் வாங்குவோம், அயிரையை மட்டும் உயிரோடுதான். வாங்கி வந்ததும் ஒரு சட்டித் தண்ணீரில் விட்டு மேலே கொஞ்சம் பால் ஊற்றுவார்கள். பாலைக் குடித்துவிட்டு வயிற்றில் இருக்கும் மண்ணையெல்லாம் அது கக்கிவிடும். அப்புறம் உப்புப் போட்டு அலசிக் குழம்பில் போட்டால் பல்லில் மண் கடிபடாது. அயிரையைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்த மொத்த அறிவும் இதுதான். தெரியாதது ஒன்றும் குற்றமில்லை. தெரிந்த மாதிரி நடந்துகொண்டோம், அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் அண்ணன் அந்தத் தடத்து பஸ்ஸில் கண்டக்டர். பெரம்பலூர், அரியலூர், திருமானூர், திரும்பவும் அதே. என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவன். வாய் ஓயாது. பஸ்ஸில் பேசியது போதாது என்று வீட்டுக்கு வந்ததும், யார் எங்கே ஏறினார்கள், யார் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள் என்று அண்ணியிடம் ஒப்பிப்பான். எண்ணிக்கையில் அவனை அடிக்க ஆள் கிடையாது. பின்படியில் நின்று ஒரு பார்வை பார்த்தால் வண்டிக்குள் எத்தனை தலை என்று சொல்லிவிடுவான். ஒரு முறை செக்கிங்குக்கு ஏறியவர் எண்ணிப் பார்த்து ஐம்பத்து மூன்று என்றாராம். அண்ணன் ஐம்பத்து நாலு என்றான். அவர் மறுபடி எண்ணினார். ஐம்பத்து மூன்றுதான். "கடேசி சீட்டுக்குக் கீழ குனிஞ்சு பாருங்க சார்" என்றிருக்கிறான். அங்கே சாக்கு மூட்டைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்ததாம். அதற்கும் அரை டிக்கெட் கிழித்திருந்தான். இந்தக் கதையை அவன் எத்தனை முறை சொன்னான் என்பதற்கு மட்டும் கணக்கில்லை.

அப்படிப்பட்டவனுக்கு நாற்பத்து நாலாம் வயதில், அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸும் கையுமாக நின்றபோது பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை, வலது கால், அதோடு பேச்சு. திருச்சியில் மூன்று வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். கால் கொஞ்சம் வந்தது, ஆள் பிடித்தால் நாலு எட்டு வைப்பான். கையும் பேச்சும் வரவில்லை. "அறிவு எவ்வளவு தப்பிச்சிருக்குன்னு போகப் போகத்தாம்மா தெரியும்" என்றார் டாக்டர்.

நான் அப்போது பெரம்பலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சுக்கெல்லாம் இணைப்புக் கொடுக்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். நான் எட்டாவது படிக்கும்போது அந்த வீட்டுக்கு வந்தவள் என்பதால் அண்ணி என்னைக் கடைசி வரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நேர்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அதற்கும் மேலே இருக்கும்.

அண்ணன் வீடு திரும்பிய நாலாம் நாள், டிப்போவில் வேலை பார்க்கும் கிளார்க் ஒருவர் பார்க்க வந்தார். நல்ல மனிதர். அண்ணனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வண்டில இனிமே ஏத்த மாட்டாங்கம்மா. ஆனா டிக்கெட் செக்‌ஷன்ல ஒரு எடம் இருக்கு. கட்டுக் கட்டா வர்ற டிக்கெட்டை எண்ணி அடுக்கணும், அவ்ளோதான். பேச வேண்டியதே இல்ல. எண்ணிக்கை பிசகாம இருந்தா ஒரு கையே போதும். மூணு மாசம் போகட்டும். அவரு நெலமை எப்படி இருக்குன்னு வீட்லேர்ந்து உள்ளது உள்ளபடி ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. மேல அனுப்பி வைக்கிறேன்."

எண்ணத் தெரிந்தால் வேலை உண்டு, தெரியாவிட்டால் வீட்டோடு. வீட்டில் லெட்டர் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அன்றிலிருந்து அண்ணி அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன் அந்த வாரம்தான் வந்தது. கொண்டுவந்தது திருமானூர் மீன்காரம்மா. தினமும் குண்டானை பஸ்ஸில் எங்கே வைப்பது என்று அண்ணனோடு சண்டை போடுகிறவர். முன் சீட்டுக்காரர் வேட்டியெல்லாம் தண்ணி தெறிக்கிறது என்று அண்ணன் கத்துவான், குண்டானோடு நானும் இறங்கிக்கறேன் என்று அவர் கத்துவார், இரண்டு பேரும் மறுநாளும் அதே பஸ்ஸில் வருவார்கள். அவர் கட்டில் ஓரத்தில் நின்று, "தெனம் என்னைய ஒரு பாடு ஏசுவியே கண்டக்டர் தம்பி, இப்ப வாயத் தொறக்காம கெடக்கியே" என்று மூக்கைச் சிந்தினார். போகும்போது அரைப்படி அயிரையை அண்ணி கையில் கொடுத்து, "கொழம்பு வச்சுக் குடு தாயி, ஒடம்புக்கு நல்லது" என்றார்.

அண்ணி வழக்கம்போல் சட்டியில் பால் ஊற்றினார். அண்ணன் கட்டில் கூடத்தில், அடுப்படி வாசலுக்கு எதிரே. அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து சட்டியிலிருந்து கை கையாக எடுத்து உப்பு நீரில் போட்டுக்கொண்டிருந்தார். சட்டியின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. சட்டென்று அண்ணன் கட்டிலிலிருந்து சரிந்து இறங்கி, இடது கையால் சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பசிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. விடவே மாட்டேன் என்கிறான். அண்ணி ஒரு பக்கம் இழுக்க, அவன் ஒரு பக்கம் இழுக்க, பால் தரையெல்லாம் கொட்டியது. கடைசியில் அண்ணி விட்டுவிட்டார். அவன் சட்டிக்குள் குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து இடது கையின் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டி, மடக்கி, மறுபடியும் விரித்தான்.

நான் சட்டியில் கையை விட்டு எண்ணினேன். பத்து.

"எண்ணுறாங்க பாப்பா! எண்ணுறாங்க!" என்று அண்ணி உப்புக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு அயிரைக் குழம்பு வைத்தோம்தான், மறைப்பானேன். ஆனால் அந்தப் பத்தும் தவலைத் தண்ணீருக்குப் போயின.

படத்துக்குச் சட்டம் போடும் கடைக்காரர் ஒருவர் கண்ணாடித் தொட்டி செய்துகொடுத்தார். இரும்புச் சட்டத்தில் நாலு பக்கமும் கண்ணாடி, மூலையெல்லாம் மக்குப் பூசி அடைத்திருந்தார். இரண்டு நாள் ஒழுகி, கூடம் முழுக்கச் சாக்குப் போட்டுத் துடைத்து, மூன்றாம் நாள் ஒரு வழியாக நின்றது. அண்ணனின் கட்டிலை ஒட்டி ஸ்டூல் போட்டு வைத்தோம். குரும்பலூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அண்ணி, ஒரு மஞ்சள் பை நிறையக் கூழாங்கல் பொறுக்கிவந்து அடியில் பரப்பினார்.

அயிரையை அதற்கு முன் யார் உட்கார்ந்து பார்த்தார்கள்? பார்த்தால் அது வேடிக்கையான பிராணிதான். மணல் நிறம், விலாவில் வரிசையாகக் கறுப்புப் புள்ளி, வாயைச் சுற்றி மீசை. மற்ற மீன்போல் நடுத்தண்ணீரில் நீந்தித் திரியாது. தரையிலேயே கிடந்து எதையாவது வாயில் அள்ளிச் செவுள் வழியே துப்பிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒன்று சர்ரென்று மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, வந்த காரியம் முடிந்தது என்று கீழே இறங்கிவிடும். மழை வருவதற்கு முன் பத்தும் கண்ணாடியோரம் ஏறி இறங்கும். சோற்றுப் பருக்கையும் இட்லித் துணுக்கும் போட்டோம். தின்றன.

பத்தும் ஒரே அளவில்லை. அதில் ஒன்பது, தீக்குச்சி நீளம்தான். ஒன்று மட்டும் என் நடுவிரல் நீளம், அதற்கேற்ற பருமன். பருக்கை விழுந்ததும் அது குறுக்கே வந்து சின்னவற்றைத் தள்ளிவிட்டுத் தின்னும். சின்னவை அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்து மிச்சத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். அண்ணி அதற்குப் பெரியவன் என்று பேர் வைத்தார். முதல் நாளே அவருக்கு அதைப் பிடிக்கவில்லை.

"சின்னதையும் பெரிசையும் ஒண்ணா விட்டு வச்சிருக்கோம். என்னைக்காவது ஒரு நாள் முழுங்கிடப் போவுது பாரு" என்பார்.

"அதுக்கு வாய் எவ்ளோ இருக்குன்னு பாத்தீங்களா அண்ணி? பருக்கையே ரெண்டு தரம் கடிச்சுத் துப்புது" என்று நானே வாதாடியிருக்கிறேன்.

நான் டூட்டி முடிந்து சாயங்காலம் வந்ததும் முதல் வேலை கட்டிலருகே நின்று, "எத்தனைண்ணே?" என்று கேட்பது. அவன் ஐந்து விரலை இரண்டு முறை விரிப்பான். நான் எண்ணிப் பார்த்து, "கரெக்ட் கண்டக்டர், ரைட் போகலாம்" என்பேன். அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரிக்கும். டிப்போவுக்கு எழுத வேண்டிய லெட்டர் என் மனதில் தானாக எழுதிக்கொண்டு வந்தது. இரண்டு மாதம் இப்படி நல்லபடியாகப் போனது.

கூழாங்கல்லின் இடுக்கில் சோறு சிக்கி அழுகி, தண்ணீர் நாற ஆரம்பித்தது. கல்லையெல்லாம் எடுத்துவிட்டு மணல் போட்டது நான்தான். பக்கத்துத் தெருவில் வீடு கட்டக் குவித்திருந்த கொள்ளிடத்து மணலைக் கேட்டு வாங்கி, சல்லடையில் சலித்து, நாலு தண்ணீரில் அலசி, நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பினேன். பார்க்க அழகாக இருந்தது. சித்திரை வெயில் வேறு ஆரம்பித்திருந்தது.

மூன்றாம் நாள் எட்டுதான் இருந்தன. அண்ணன் பத்துக் காட்டினான்.

"எட்டுண்ணே" என்றேன். இல்லை என்று தலையாட்டி மறுபடி பத்துக் காட்டினான். அடுத்த நாள் ஆறு. அவன் பத்து. அந்த வார முடிவில் பெரியவனோடு சேர்த்து மூன்று. அவன் பத்து. வெளியே குதித்துச் செத்திருக்குமோ என்று கட்டிலுக்கு அடியில், ஸ்டூலுக்குப் பின்னால், எல்லா இடத்திலும் துடைப்பத்தை விட்டுப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. பருக்கை மட்டும் காலையில் பார்த்தால் காலியாகியிருந்தது. பெரியவன் வயிறு கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது.

"நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா?" என்றார் அண்ணி.

மீன் போனது எனக்குப் பெரிதில்லை. கண்ணெதிரே மூன்று இருக்க, பத்து என்று சொல்கிறானே, அதுதான் பெரிது. மூன்று மாதக் கெடு முடிய இன்னும் பத்து நாள்தான். ஒரு நாள் ஏழு தீக்குச்சியை அவன் முன்னால் பரப்பி, "இது எத்தனைண்ணே, சொல்லு" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். இடது கையால் குச்சியை எல்லாம் தரையில் தள்ளிவிட்டான். கோபம் எங்கள் குடும்பச் சொத்து, எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தோன்றியது, எண்ணத் தெரியாததை மறைக்கிறான் என்பதுதான்.

தொட்டியைக் காட்டி நான் கேட்கும்போதெல்லாம் அவன் இன்னொன்றும் செய்தான். உள்ளங்கையைக் கவிழ்த்து மெத்தையில் வைத்து, அழுத்தி அழுத்திக் காட்டினான். அமைதியாக இரு என்கிறான் என்று நானும், படுக்கணும் என்கிறார் என்று அண்ணியும் எடுத்துக்கொண்டோம். அண்ணி தலையணையைச் சரி செய்வார். அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

பிறகு பெரியவன் மட்டும் தனியாகக் கிடந்தது. அண்ணன் அப்போதும் பத்து.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணிதான் யோசனை சொன்னார்.

"பால்ல விடுவோம் பாப்பா. மண்ணையே கக்குது, மீனைக் கக்காதா? கக்கினதை அவங்களே கண்ணால பாத்துக்கட்டும். அப்பவாவது ஒண்ணுன்னு காட்டுவாங்க."

இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு இது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. ஏற்கனவே ஒரு முறை பாலில் கிடந்து பிழைத்ததுதானே, என்ன ஆகிவிடும் என்றேன். அண்ணன் புத்தி தெளிந்தால் போதும் எனக்கு. எவர்சில்வர் கிண்ணத்தில் பாலை ஊற்றினோம். பிடிபடாமல் இருக்கப் பெரியவன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியது, மணல் கலங்கித் தண்ணீர் சேறாகிவிட்டது. டீ வடிகட்டியால் அள்ளிக் கிண்ணத்தில் விட்டேன். அண்ணன் கட்டில் சட்டத்தைக் கையால் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

"இருண்ணே, ஒண்ணும் பண்ணல. உனக்காகத்தான் பண்றோம்" என்று அதட்டினேன்.

பாலுக்குள் அது தெரியவில்லை. அவ்வப்போது மீசை மட்டும் மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்தது. ஒரு சோற்றுப் பருக்கை வெளியே வந்தது. வேறொன்றும் வரவில்லை. தண்ணீர் கலக்காத பால் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. எடுத்துவிடலாமா என்றேன். "முழுங்கி நாளாச்சில்ல, லேசுல வராது. இன்னும் செத்த நேரம் இருக்கட்டும்" என்றார் அண்ணி. நான் துணி உலர்த்த மாடிக்குப் போனேன். அவர் உலை வைக்கப் போனார். கட்டிலை அடிக்கும் சத்தம் மாடி வரை கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அது நின்றுவிட்டது. களைத்துத் தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

இறங்கி வந்தபோது பெரியவன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அண்ணன் தூங்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. தொட்டியைக் காட்டி, "இப்ப எத்தனைண்ணே? ஒண்ணுகூட இல்ல, பாத்துக்க. இப்பவாவது சொல்லு, எத்தனை?" என்றேன்.

அவன் ஐந்து விரலை விரித்தான். மடக்கினான். பிறகு கட்டை விரலை மடித்து நாலு விரலைக் காட்டினான்.

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் மணலை மட்டும் பார்த்தேன். வெறும் மணல்.

லெட்டரை அன்றைக்கே எழுதினேன். அண்ணி என் பின்னால் வந்து நின்றார்.

"அப்படி எழுதாத பாப்பா. எண்ணிக்கை சரியாத்தான் இருக்குன்னு எழுதிடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"இல்லாத ஒம்போதை இருக்குன்னு காட்றான் அண்ணி. நாளைக்கு அங்க டிக்கெட் கட்டுல இப்படிக் காட்டினா, திருடிட்டான்னு பேரு வரும். அதைத் தாங்குவீங்களா?"

"ஆபீஸ்ல போய் உக்காந்தா சரியாயிடுவாங்க. வூட்டுக்குள்ளயே கெடந்தா இன்னும் மோசமாயிடும்."

"பொய் எழுத எனக்கு வராது அண்ணி."

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று எழுதினேன். பேச்சு திரும்பவில்லை, நினைவில் குழப்பம் இருக்கிறது, எண்ணிக்கை தடுமாறுகிறது, பொறுப்பான வேலைக்கு ஏற்றவராகத் தெரியவில்லை. கீழே அண்ணனின் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வைத்தேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் டூட்டிக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்தேன். கடமையைச் செய்துவிட்ட கனம்தான் நெஞ்சில் இருந்தது. அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டியை யாரும் தொடவில்லை. மேலே தூசி படிந்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, இதைக் காலி செய்து பரணில் போட்டுவிடலாம் என்று அண்ணி சொன்னார். காலை நேரம். அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்து வாசல் பக்கம் விட்டிருந்தோம். நான் சொம்பால் தண்ணீரை மொண்டு கொட்டினேன். அண்ணி மணலை இரண்டு கையாலும் வாரி முற்றத்துத் தாம்பாளத்தில் போட்டார்.

மணல் அசைந்தது.

முதலில் ஒரு மீசை. அப்புறம் ஒரு வால். தீக்குச்சி நீளத்தில் ஒன்று துள்ளி வெளியே விழுந்தது. அண்ணி அடுத்த வாரலைப் போட்டார், அதில் இரண்டு. ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர்ச் சொம்பில் விட்டபடி வாய்விட்டு எண்ணினார். "நாலு... அஞ்சு..." என்று அவர் குரல் ஏற ஏற எனக்குக் காது அடைத்தது. கடைசி மணலையும் துழாவிவிட்டு அண்ணி நிமிர்ந்தார்.

ஒன்பது.

அடுத்த வாரம் பார்க்க வந்த மீன்காரம்மா, "அயிரை மண்ணுக்குள்ள பூராம வேற எங்க பூரும் தாயி? வெயிலு ஏறினா உள்ள போயிடும், வெள்ளெனத்துல வெளிய வரும். என்னய ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்றார். வெள்ளெனத்துல என்றால் விடிந்தும் விடியாத நேரம். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் விழித்துக் கிடந்தவன் ஒருவன்தான். தினமும் பத்தும் வெளியே வந்து சோறு தின்பதைப் பார்த்திருக்கிறான். நாங்கள் எழுந்து லைட்டைப் போட்டதும் அவை உள்ளே போய்விடுவதையும் பார்த்திருக்கிறான். உள்ளங்கையைக் கவிழ்த்து அழுத்தி அழுத்திச் சொல்லியும் இருக்கிறான். அதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்வது?

ஒன்பது எண்ணி முடித்த அந்தக் காலையில், முற்றத்திலிருந்து நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினேன். எனக்கு அன்றைக்கு வீக்லி ஆஃப். போர்டில் இருந்தவளை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்து டிப்போவுக்கு லைன் போட்டேன். கிளார்க் லைனுக்கு வந்தார். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். மீன், மணல், ஒன்பது. பைத்தியம் என்று நினைத்திருப்பார். பொறுமையாகக் கேட்டார்.

"பேப்பர் மேல போயிடுச்சேம்மா. மெடிக்கல்ல ரிலீவ் பண்ண உத்தரவே ஆயிடுச்சு, நாளைக்கி நாளன்னைக்கி வீட்டுக்கு வந்துடும். சாதாரணமா இதெல்லாம் ஆறு மாசம் இழுப்பாங்க. வீட்டுக்காரங்களே எழுதினதால ஒடனே முடிஞ்சிடுச்சு. உங்க லெட்டர் ரொம்பத் தெளிவா இருந்துச்சும்மா."

மறுபடி எழுதினேன். நாலு முறை எழுதினேன். நேரில் போய் நின்றேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார் என்றார்கள்.

ஒன்பதும் தொட்டியிலேயே இருந்தன. அதே மணலைத் திரும்பப் போட்டோம். இரண்டு மழைக்காலம் போவதற்குள் அதில் ஒன்று தடித்து, பெரியவன் அளவுக்கே வளர்ந்துவிட்டது. சோற்றுக்கு மற்றதைத் தள்ளிவிட்டது. மற்ற எட்டும் அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்து தின்றன. வளர்த்தால் அவ்வளவுதான் நடக்கும். சின்னதும் பெரிதும் ஒன்றாகக் கிடக்கும், ஒன்று மற்றதைத் தின்னாது. இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் கொடுத்தது அதிகம்.

அண்ணன் அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தான். பேச்சு வரவில்லை. எண்ணுவதை விடவில்லை. தெருவில் போகிற பஸ்ஸில் எத்தனை பேர் தொங்குகிறார்கள், கொடியில் எத்தனை துணி, தட்டில் எத்தனை இட்லி என்று அண்ணிக்கு விரல் விரலாகக் காட்டிக்கொண்டிருப்பான். அண்ணி அடுப்படியிலிருந்தே, "ஆமாங்க, பதினாலு" என்று வாங்கிக்கொள்வார். ஒரு முறைகூடத் தப்பியதில்லை. என்னிடம் கோபமாகவும் இல்லை. நான் ஊட்டினால் சாப்பிட்டான், நான் கையைப் பிடித்தால் நடந்தான், என் கல்யாணத்தன்று அழுதான்.

கல்யாணமாகிப் போகும்வரை, டூட்டி முடிந்து வந்ததும் கட்டிலருகே நிற்கும் பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை. ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "எத்தனைண்ணே?" என்று பழையபடி கேட்டேன். அவன் தொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.